இருநூற்றுப் பதினான்கு கோடியே சொச்சம்

எண்களைப் பற்றி யார் எழுத ஆரம்பித்தாலும் நேராக 1729-க்குத்தான் போவார்கள். டாக்ஸி, ஹார்டி, ராமானுஜனின் ஆஸ்பத்திரிக் கட்டில், எல்லாம் நமக்கு மனப்பாடம். நல்ல கதைதான், ஆனால் இன்றைக்கு வேண்டாம். எனக்குப் பிடித்த எண் வேறு: 2147483647. நம்ம ஊர் முறையில் கமா போட்டால் 214,74,83,647. இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. ப்ரோகிராம் எழுதுகிறவர்கள் இதைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்வார்கள், அதுவும் சந்தோஷமாக அல்ல. கணக்கு ஆட்களும் அடையாளம் கண்டுகொள்வார்கள், ஆனால் முற்றிலும் வேறு காரணத்துக்காக. இந்த இரண்டு காரணங்களுக்கும் ஒன்றோடொன்று எந்தச் சம்பந்தமும் கிடையாது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த விஷயம்.

முதலில் இது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். ஜனவரி 1-ஆம் தேதி ஓர் உண்டியலில் ஒரு பைசா போடுங்கள். மறுநாள் இரண்டு பைசா, அதற்கு மறுநாள் நான்கு, அப்புறம் எட்டு, இப்படித் தினமும் இரட்டிப்பு. பத்தாம் நாள் ராத்திரி எண்ணினால் 10 ரூபாய் 23 பைசாதான் இருக்கும், டீக்கும் காணாது. இருபதாம் நாள் 10,485 ரூபாய் 75 பைசா. 31-ஆம் தேதி ராத்திரி உண்டியலை உடைத்தால் 2,14,74,836 ரூபாய் 47 பைசா. பைசாவில் எழுதினால் நம்ம எண். கடைசி ஒரு நாளில் மட்டும் நீங்கள் போட்டது 1,07,37,418 ரூபாய் 24 பைசா, அதற்கு முந்தைய முப்பது நாளும் சேர்ந்து அதைவிடச் சரியாக ஒரு பைசா குறைவு. எந்த நாளில் நிறுத்தினாலும் இப்படித்தான் இருக்கும்: அதுவரை சேர்ந்தது, நாளைக்குப் போட வேண்டியதைவிட ஒன்று கம்மி. அதனால்தான் இந்த எண்ணை 2³¹−1 என்று சுருக்கமாக எழுதிவிட முடிகிறது.

கம்ப்யூட்டர் இந்த உண்டியல் கணக்கையேதான் போடுகிறது. 32 பிட் (ஒவ்வொரு பிட்டிலும் 0 அல்லது 1 மட்டுமே வைக்கலாம்) இடத்தில் ஒரு முழு எண்ணை வைக்க வேண்டும் என்றால், ஒரு பிட் கூட்டலா கழித்தலா என்ற குறிக்குப் போய்விடும், மிச்சம் 31. அந்த 31-லும் 1 போட்டுவிட்டால் வருவது 2147483647, அதற்கு மேல் இடம் இல்லை. இன்னும் ஒன்று கூட்டினால் எல்லாம் 0 ஆகி, மிஞ்சிய 1 குறிப் பிட்டில் போய் உட்காரும், பெரும்பாலான இடங்களில் எண் சட்டென்று −2147483648 ஆகிவிடும். கீழே ஒன்று கூடுதலாகப் போகிறது, கவனித்தீர்களா? மேலே 47-இல் முடிகிறது, கீழே 48 வரை. அதனால் −2147483648-இன் கழித்தல் குறியை எடுக்கச் சொன்னால் கம்ப்யூட்டருக்கு அதை வைக்க இடம் கிடையாது, பழையபடி −2147483648 என்றே திருப்பித் தரும். எதிர்மறை எடுத்தாலும் மாறாத எண் சுழியம் ஒன்றுதான் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். இங்கே இன்னொன்று வந்துவிட்டது.

வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒருமுறை வாடிக்கையாளர் பட்டியல் ஒன்று கைக்கு வந்தது, அதில் முக்கால்வாசிப் பேருக்கு ஃபோன் நம்பர் 2147483647. யாரோ ஃபோன் நம்பரை எண்ணாகச் சேமித்திருக்கிறார்கள். சில டேட்டாபேஸ்கள், எல்லையைத் தாண்டிய எண் வந்தால் கத்தாமல் கொள்ளாமல் எல்லையிலேயே நிறுத்தி வைத்துவிடும். நம்ம ஊர் மொபைல் எண் பத்து இலக்கம், 6-இலோ 7, 8, 9-இலோ ஆரம்பிக்கும், ஆக ஒன்று விடாமல் எல்லாமே எல்லைக்கு வெளியே. சென்னை லேண்ட்லைன் 44-இல் ஆரம்பிப்பதால் அதுவும் காலி. மும்பை 22, அதுவும் போச்சு. டெல்லி 11, புனே 20, இந்த மாதிரிச் சிலர் மட்டும் தப்பித்துக்கொள்வார்கள்! தமாஷ் என்னவென்றால் 214 அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்தின் ஏரியா கோட், அதனால் அங்கே இருப்பவர்களுக்கு இந்த எண் ஒரு சாதாரண உள்ளூர் நம்பர் மாதிரியே தெரியும். ஃபோன் நம்பரை யாரும் கூட்டப் போவதில்லை, பெருக்கப் போவதில்லை, அப்புறம் ஏன் அதை எண்ணாகச் சேமிக்கிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

2014 டிசம்பரில் யூடியூப்பில் கங்னம் ஸ்டைல் பாட்டின் பார்வைகள் இந்த எல்லையைத் தாண்டியதை நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். யூடியூப் ஆட்கள் அதற்குள் 64 பிட்டுக்கு மாற்றியிருந்தார்கள். புது எல்லை 9223372036854775807, அதை எந்தப் பாட்டும் தொடப்போவதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். 2147483647 ஒரு பகா எண். 1-ஆலும் தன்னாலும் தவிர வேறெதாலும் மீதியில்லாமல் வகுபடாது. "கம்ப்யூட்டரின் எல்லை ஒரு பகா எண்" என்று யாராவது சொன்னால், அதில் ஏதோ ஆழமான காரணம் இருக்கும் போலத் தோன்றும். ஒன்றும் இல்லை. 16 பிட் எல்லை 32767, அது 7 × 31 × 151. 64 பிட் எல்லையை உடைத்தால் 7, 7, 73, 127, 337, 92737, 649657 என்று பொடிப்பொடியாக வந்துவிடும். அது உடையும் என்பது பார்த்தவுடனேயே தெரியும், ஏனென்றால் 63 என்பது 7 × 9, அடுக்கு உடைந்தால் 2-இன் அந்த அடுக்கிலிருந்து ஒன்று குறைந்த எண்ணும் கூடவே உடையும்: 2⁷−1, அதாவது 127, அதை வகுத்தே ஆக வேண்டும். 31 பகா எண்ணாக இருப்பதால் 2³¹−1-க்கு இந்த ஆபத்து இல்லை, அவ்வளவுதான், அதுவும் தப்பிக்க ஒரு வாய்ப்பு மட்டுமே, உத்தரவாதம் இல்லை. 11 பகா எண்தான், ஆனால் 2¹¹−1 = 2047 = 23 × 89.

இலக்கங்களைக் கூட்டினால் 46 வரும், தலைகீழாக எழுதினால் இரட்டைப்படை எண் வரும் என்றெல்லாம்கூடச் சொல்லலாம். அதையெல்லாம் நான் பொருட்படுத்துவதில்லை. நமக்குப் பத்து விரல் இருப்பதால் வரும் விசேஷங்கள் அவை, எட்டு விரல் இருந்தால் காணாமல் போயிருக்கும். பகா எண் என்பது எத்தனை விரல் இருந்தாலும் மாறாது.

அது பகா எண் என்று முதலில் சொன்னவர் இத்தாலியின் பொலோஞாவில் கணக்குச் சொல்லிக்கொடுத்த பியெத்ரோ கதால்தி, பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில். 2¹⁷−1, 2¹⁹−1 இரண்டையும் அவர் வகுத்துப் பார்த்தே நிரூபித்தார். அதோடு நிற்காமல் 23, 29, 31, 37 அடுக்குகளுக்கும் பகா எண்தான் வரும் என்று சொல்லிவிட்டார். 1640-இல் ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித மேதை 23-ஐயும் 37-ஐயும் காலி செய்தார் (47-ஆலும் 223-ஆலும் வகுபடுகின்றன), பின்னால் ஆய்லர் என்ற சுவிஸ் கணித மேதை 2²⁹−1-ஐ 233-ஆல் வகுத்துக் காட்டினார். ஆக நான்கில் மிஞ்சியது 31 மட்டும். 1644-இல் மெர்சென் என்ற பாதிரியாரும் தன் பட்டியலில் 31-ஐச் சேர்த்திருந்தார், இந்த வகை எண்களுக்கு அவர் பெயர்தான் நிலைத்தது. அந்தப் பட்டியலிலும் 67, 257 தப்பு, 61, 89, 107 விட்டுப்போயிருந்தன. இதில் 31 சரியாக அமைந்தது கண்டுபிடிப்பா, குருட்டு அதிர்ஷ்டமா என்று கேட்டால் நான் அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன்.

நிரூபித்தது 1772-இல், ஆய்லர், பெர்னூலி என்ற கணிதருக்கு எழுதிய ஒரு கடிதத்தில். அப்போது ஆய்லர் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார், ஒரு கண் இளம்வயதிலேயே போயிருந்தது, இன்னொன்றும் புரையால் ஏறக்குறைய முழுதாகப் போய்விட்டது, முந்தைய வருடம்தான் ஊரில் பற்றிய பெருந்தீயில் வீடு எரிந்திருந்தது. அவர் வாயால் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதிக்கொண்ட காலம் அது.

ஒரு பத்து இலக்க எண் பகா எண் என்று காட்ட நேர்வழி, அதன் வர்க்கமூலம் வரையிலான எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்ப்பது. வர்க்கமூலம் 46,340 சொச்சம், அதற்குள் ஏறத்தாழ 4,800 பகா எண்கள். ஆய்லர் அதைச் செய்யவில்லை. அவர் யோசித்த விதம் அழகானது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஏதோ ஒரு பகா எண் 2³¹−1-ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பகா எண்ணால் 2, 4, 8, 16 என்று வரிசையாக வகுத்து மீதிகளை மட்டும் எழுதிக்கொண்டே போனால், 31-ஆவது படியில் மீதி 1 வந்து நிற்கும், அதற்குப் பிறகு அதே மீதிகள் மறுபடி ஆரம்பிக்கும். 31 பகா எண் என்பதால் அதைவிடச் சின்னச் சுழற்சிக்கும் வழியில்லை. இந்த இடத்தில் ஃபெர்மாவின் விதி ஒன்று கைகொடுக்கிறது: சுழற்சியின் நீளம், பகா எண்ணில் ஒன்று குறைத்தால் வருவதை மீதியில்லாமல் வகுத்தே தீர வேண்டும். ஆக அந்தப் பகா எண் 31-இன் மடங்கைவிட ஒன்று அதிகம், ஒற்றைப்படை என்பதால் 62-இன் மடங்கைவிட ஒன்று அதிகம். இன்னொரு சல்லடையும் இருக்கிறது: அதை 8-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 மட்டுமே வரலாம். இரண்டையும் சேர்த்தால், 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வரும் எண்களை மட்டும் சோதித்தால் போதும்.

46,340-க்குள் அப்படிப்பட்டவை, 1-ஐ விட்டுவிட்டால், மொத்தமே 373. அதிலும் பகா எண் அல்லாதவற்றைத் தள்ளிவிடலாம். வரிசையை நீங்களே எழுதிப் பாருங்கள்: 63, 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303. இதில் பகா எண்கள் 311, 1303 இரண்டுதான்! ஆயிரத்துக்குள் சோதிக்க வேண்டியது ஒரே ஓர் எண். 311-ஆல் வகுத்தால் மீதி 35, அடுத்து நேராக 1303-க்குத் தாவிவிடலாம். 4,800 வகுத்தல் செய்ய வேண்டிய இடத்தில் நூறுக்கும் குறைவானவை. கண் தெரியாத ஒரு கிழவர் அதையும் செய்து முடித்தார், ஒன்றுகூட வகுக்கவில்லை.

பின்னால் லூகாவும் லெமரும் கண்டுபிடித்த முறையில் இன்னும் சுருக்கம். 4-இல் ஆரம்பித்து, வர்க்கம் எடுத்து 2-ஐக் கழித்துக்கொண்டே போக வேண்டும், 4, 14, 194, 37634, 1416317954 என்று, எண் பெரிதாகும்போது 2147483647-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். 29-ஆவது படியில் சரியாக 0 வந்தால் பகா எண். வருகிறது. அந்த முறை ஆய்லர் காலத்தில் இல்லை.

1772-இலிருந்து 1867 வரை, 95 வருடம், பகா எண் என்று நிரூபித்து வெளியிடப்பட்டவற்றில் இதுவே பெரியது. 1867-இல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் 2⁵⁹−1-ஐ உடைத்து 3203431780337 என்ற காரணியை எடுத்தபோதுதான் பட்டம் கைமாறியது. இடையில், 1811-இல், பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயர் ஒரு வேடிக்கையான ஆரூடம் சொன்னார். 2³⁰-ஐ நம்ம எண்ணால் பெருக்கினால் 2305843008139952128 வரும். அது ஒரு நிறைவெண், அதாவது தன்னைத் தவிர்த்த தன் காரணிகளை எல்லாம் கூட்டினால் தானே வரும், 6 = 1 + 2 + 3 மாதிரி. பார்லோ சொன்னது, இதுவே மனிதர்கள் கண்டுபிடிக்கப்போகும் மிகப் பெரிய நிறைவெண், ஏனென்றால் இவை வெறும் வேடிக்கை, உபயோகம் இல்லாதவை, இதற்கு மேல் தேட யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்று. மனிதர்களைப் பற்றி இவ்வளவு நல்ல அபிப்பிராயம் வைத்திருந்தவர்! உபயோகம் இல்லை என்பதற்காக நாம் எதை விட்டோம்? 2024 அக்டோபரில் 2¹³⁶²⁷⁹⁸⁴¹−1 பகா எண் என்று அறிவித்தார்கள், அதற்கு 4,10,24,320 இலக்கங்கள்.

அது ஏன் நிறைவெண் என்பது நம்ம உண்டியலிலேயே இருக்கிறது. 2³⁰-இன் காரணிகள் 1, 2, 4 என்று தினமும் போட்ட காசுகள், அவற்றின் கூட்டுத்தொகை 2147483647. மற்றக் காரணிகள், கடைசி நாள் காசை விட்டுவிட்டு, முதல் முப்பது நாள் காசுகளையும் 2147483647-ஆல் பெருக்கியவை. முதல் தொகுதி ஒரு மடங்கு, இரண்டாவது தொகுதி 2³⁰-க்கு ஒன்று குறைவான மடங்கு. சேர்த்தால் சரியாக 2³⁰ மடங்கு, அதுதான் எண்ணும். இதைக் கண்டவர் யூக்ளிட், ஆனால் 2147483647 பகா எண்ணாக இல்லாவிட்டால் வேறு காரணிகள் உள்ளே நுழைந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

உபயோகம் இல்லை என்று பார்லோ சொன்னதற்குப் பதில் கம்ப்யூட்டர் வந்த பிறகு கிடைத்தது. இரண்டு கதைகளும் ஒன்றாகச் சேரும் இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். கம்ப்யூட்டருக்குத் தாயம் உருட்டத் தெரியாது, அதனால் உருட்டியது மாதிரி பாவனை செய்ய ஒரு சூத்திரம் வேண்டும். 1969-இல் ஐபிஎம் இயந்திரங்களுக்காக முன்வைக்கப்பட்டு, 1988-இல் பார்க், மில்லர் என்ற இருவர் குறைந்தபட்சத் தரம் என்று பரிந்துரைத்த சூத்திரம் இது: கையில் இருக்கும் எண்ணை 16807-ஆல் பெருக்கு, 2147483647-ஆல் வகுத்து மீதியை எடு. 1-இல் ஆரம்பித்தால் 16807, 282475249, 1622650073 என்று போகும். பத்தாயிரமாவது படியில் 1043618065 வரும் (நீங்கள் எழுதிய ப்ரோகிராம் சரியா என்று பார்க்க அவர்கள் கொடுத்த விடை அது). 16807 என்பது 7⁵. இந்தச் சூத்திரம் 1-இலிருந்து 2147483646 வரை ஒவ்வோர் எண்ணையும் ஒரே ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பும், ஒன்றையும் விடாது. வகுக்கும் எண் பகா எண்ணாக இருப்பதால் கிடைக்கும் வரம் அது. 16807-க்குப் பதில் 2-ஆல் பெருக்கியிருந்தால் 31 படியிலேயே சுற்றி வந்திருக்கும்.

கூடவே ஒரு சௌகரியமும் உண்டு. 9-ஆல் வகுத்தால் மீதி என்ன என்று பார்க்க இலக்கங்களைக் கூட்டினால் போதும் அல்லவா, 9 என்பது பத்துக்கு ஒன்று குறைவு என்பதால்? அதே தந்திரம் இங்கேயும் செல்லும், 2147483647 என்பது 2³¹-க்கு ஒன்று குறைவு. பெரிய எண்ணை 31 பிட்டில் வெட்டி, மேல் துண்டையும் கீழ்த் துண்டையும் கூட்டிவிட்டால் மீதி வந்துவிடும், வகுக்கவே வேண்டாம். சீரற்ற எண் என்ற அளவில் இன்றைக்கு இது பழைய சரக்கு, ரகசியச் சாவிக்கெல்லாம் வைத்துவிடாதீர்கள், ஆனால் சி ப்ளஸ் ப்ளஸ் மொழியின் நூலகத்தில் இன்னமும் இருக்கிறது.

248 என்ற எண்ணைப் பற்றி ஒரு சின்ன விலகல். 2015-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம் போயிங் 787 விமானங்களுக்கு ஓர் உத்தரவு போட்டது: மின்சாரத்தை அணைக்காமல் 248 நாள் தொடர்ந்து ஓடவிட்டால், ஜெனரேட்டர் கட்டுப்பாட்டு மென்பொருளில் ஒரு கவுன்ட்டர் நிரம்பி வழிந்து, எல்லா ஜெனரேட்டர்களும் ஒரேயடியாக நின்றுவிடலாம், அதனால் அவ்வப்போது அணைத்துப் போடுங்கள். 2147483647-ஐ நூறால் வகுத்து, அதை வினாடியாக எடுத்துக்கொண்டு நாளாக மாற்றிப் பாருங்கள்: 248 நாள், அப்புறம் ஓர் அரை நாள். நூறில் ஒரு பங்கு வினாடிக்கு ஒன்று என எண்ணும் கவுன்ட்டர் என்று ஊகிக்கலாம். ஆய்லரின் சல்லடையிலும் 248. நம்ம வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு அடிப்படையான வரருசியின் சந்திர வாக்கியங்களும் (சந்திரன் இருக்கும் இடத்தைச் சொல்பவை) 248, நாளுக்கு ஒன்று, ஏனென்றால் சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்து மறுபடி அருகில் வர ஏறத்தாழ 27.55 நாள், அதில் ஒன்பது சுற்று 248 நாள். 1825-இல் புதுச்சேரிப் பக்கம் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர் தரையில் சோழிகளை வைத்துச் சந்திர கிரகணம் கணித்ததை வாரன் என்ற அதிகாரி எழுதி வைத்திருக்கிறார், அந்த மரபு இது. மூன்று 248-க்கும் தொடர்பு இருக்கிறதா? கிடையாது. முதலாவது நாம் ஒரு நாளை 86,400 வினாடியாகப் பிரித்ததால் வந்தது, இரண்டாவது 8 × 31, மூன்றாவது சந்திரனின் இஷ்டம். இதை வைத்து யாராவது வாட்ஸப்பில் "நம் முன்னோர்கள் அன்றே" என்று ஆரம்பித்தால் என்னைக் கூப்பிடாதீர்கள்.

அடுத்து இந்த எண் செய்தியில் அடிபடப்போவது 2038-இல். யுனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழியில் வந்த கம்ப்யூட்டர்கள் 1970 ஜனவரி 1-இலிருந்து எத்தனை வினாடி ஆனது என்று எண்ணித்தான் நேரம் சொல்கின்றன. 32 பிட்டில் எண்ணுபவை நம்ம நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு நிரம்பும். அடுத்த வினாடி அவற்றுக்கு 1901 டிசம்பர் 13 ஆகிவிடும் (உலகப் பொது நேரத்தில்). மொபைல், லேப்டாப் எல்லாம் பெரும்பாலும் 64 பிட்டுக்குப் போய்விட்டன, பயம் சுவருக்குள்ளும் இயந்திரத்துக்குள்ளும் பொருத்தி யாரும் மறந்துபோன சின்னச் சின்னக் கருவிகளைப் பற்றித்தான். இருபது வருடக் கடனுக்குக் கடைசித் தவணைத் தேதி கணக்கிடும் மென்பொருளுக்கோ இந்த நாள் 2018-லேயே வந்துவிட்டது.

கடைசியாக, கணக்கு ஆட்களுக்கே உரிய ஒரு விஷயம். 31 தானே 2⁵−1. ஒரு மெர்சென் பகா எண்ணை அடுக்காக வைத்து இன்னொன்று. இப்படி இரட்டை அடுக்கில் பகா எண்ணாக நிற்பவை இதுவரை நான்குதான் தெரியும்: 7, 127, நம்ம 2147483647, அப்புறம் 39 இலக்கமுள்ள 2¹²⁷−1. அப்படியானால் 2147483647-ஐயே அடுக்காக வைத்தால்? 2-ஐ அத்தனை முறை பெருக்கி ஒன்று கழித்தால் வரும் எண்ணுக்கு 64 கோடிக்கும் மேல் இலக்கங்கள், அதை எழுதி வைக்கவே கஷ்டம். ஆனாலும் அது பகா எண் இல்லை என்று தெரியும், ஆய்லர் போட்ட அதே சல்லடையால். காரணிகள் 4294967294-இன் மடங்கைவிட ஒன்று அதிகமாகத்தான் இருக்க முடியும் என்பதால் ஒவ்வொரு மடங்காகப் பார்த்துக்கொண்டே போனார்கள், 68745-ஆவது மடங்கில் சிக்கியது: 295257526626031. பெருக்கி ஒன்று கூட்டிச் சரிபார்க்க ஒரு பேப்பரும் பேனாவும் போதும், கால்குலேட்டர் வேண்டாம். 32 பிட் கால்குலேட்டராக இருந்தால் அது எப்படியும் உதவாது.